ஒரு ஆர்டருக்கு இரண்டு கணக்கு: கொங்கு வட்டார டிஜிட்டல் மார்க்கெட்டிங் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் வட்டாரங்களில் எங்களைப் போன்ற சிறு விற்பனையாளர்களின் இணையதள விளம்பரங்களைக் கவனித்துவரும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

சென்னிமலையில் கைத்தறிப் பெட்ஷீட்டும் துண்டும் நெய்து வாங்கி, சொந்த இணையதளத்தில் விற்றுவருகிறேன். விளம்பரப் பொறுப்பை உங்களில் ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பவானியில் ஜமக்காளம் விற்பவரிடமும் கரூரில் திரைச்சீலை விற்பவரிடமும் பேசிப் பார்த்தபோது, அவர்களும் வேறு வேறு நிறுவனங்களிடம் இதே அலட்சியத்தைச் சந்தித்திருப்பது தெரிந்தது. அதனால்தான் இதை உங்கள் அனைவருக்குமாக எழுதுகிறேன்.

டேக் என்றால் என்ன, பிக்சல் என்ன செய்யும் என்பதையெல்லாம் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தளத்துக்கு வருபவர் எதைப் பார்க்கிறார், என்ன வாங்குகிறார் என்பதை விளம்பரத் தளங்களுக்குச் சொல்லும் அந்தச் சிறு கோடுகளை எங்கள் தளங்களில் பதித்தவர்களே நீங்கள்தான். பதித்தபின் அவை சரியாக இயங்குகின்றனவா என்று யார் பார்ப்பது என்பதே என் கேள்வி.

ஆடி கழிந்து ஆவணி பிறந்த வாரத்தில் எங்கள் தளத்தின் தீம், அதாவது பக்கங்களின் தோற்ற அமைப்பு, மாற்றப்பட்டது. அடுத்த சில நாள்களிலேயே விளம்பர ரிப்போர்ட்டில் விற்பனை ஏறியது. நன்றாகப் போகிறது, தீபாவளி வருகிறது, இதுதான் தருணம் என்று உங்கள் தரப்பில் சொன்னார்கள். அந்தச் சொல்லை நம்பி, நாளொன்றுக்கு 1,500 ரூபாயாக இருந்த விளம்பரச் செலவை 3,000 ரூபாயாக உயர்த்தினேன். எங்களிடம் பார்சல் கட்டும் பெண்மணி ஒவ்வொரு ஆர்டரையும் நீள நோட்டு ஒன்றில் கைப்பட எழுதி, அனுப்பியதும் சிவப்பு மையால் டிக் அடித்துவைப்பார். புரட்டாசி மாதத்தில் ஒரு மாலை, ரிப்போர்ட்டை அவரிடம் காட்டி, இந்த வாரம் 82 ஆர்டர் வந்திருக்கிறதே என்றேன். அவர் நோட்டைப் புரட்டி, விரலை வைத்து ஒவ்வொரு வரியாக எண்ணிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். “ஏனுங்கண்ணா, இதுல 41தானுங்க இருக்குது. மீதிப் பார்சலை நான் கட்டவே இல்லீங்களே” என்றார்.

சரிபாதி. ஒன்றிரண்டு கூடக் குறைய இருந்திருந்தால் ஏதோ விடுபட்டது என்று நினைத்திருப்பேன். பொறியியல் படிக்கும் என் அண்ணன் மகள் அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்திருந்தாள். ஒரு துண்டுக்கு அவளே ஆர்டர் போட்டு, குரோமின் டெவலப்பர் கருவியில், பக்கம் எங்கெங்கு செய்தி அனுப்புகிறது என்று காட்டும் நெட்வொர்க் பகுதியைத் திறந்து, நன்றி சொல்லும் பக்கம் வரும் வரை பார்த்தாள். அந்தப் பக்கம் திறந்ததும் ‘பர்ச்சேஸ்’ என்ற ஒரே செய்தி கூகுளுக்கு இரண்டு முறை சென்றது. ஒன்று, டேகுகளை ஒரே இடத்தில் நிர்வகிக்கும் கூகுளின் டேக் மேனேஜர் வழியாகப் போனது. மற்றொன்று, பழைய தீமில் யாரோ நேரடியாக ஒட்டிவைத்திருந்த கோட். செயலிழந்து கிடந்த அது, புதிய தீமுக்குப் பெயர்த்து எழுதப்பட்டபோது உயிர்பெற்றுவிட்டது. இரண்டிலும் ஆர்டர் எண் இருந்திருந்தால், ஒரே விற்பனை என்று கண்டு கூகுளே ஒன்றைத் தள்ளியிருக்கும். ஒன்றில் எண் இருந்தது, மற்றதில் இல்லை. இதைக் கண்டுபிடிக்க அவளுக்கு அரை மணி நேரம் ஆனது. நான் செலவை உயர்த்திய பின்னும் உங்கள் தரப்பில் 47 நாள்கள் எவரும் பார்க்கவில்லை.

தவறான எண் ரிப்போர்ட்டில் மட்டும் நின்றிருந்தால் இவ்வளவு வருந்தியிருக்க மாட்டேன். விளம்பர ஏலத்தைத் தானாக நடத்தும் கூகுளின் அமைப்பு அந்த எண்ணைத்தான் மெய்யென்று எடுத்துக்கொள்கிறது. ஒரு கிளிக்கினால் இரட்டிப்பு வரவு என்று நம்பி, அதே கிளிக்குக்குக் கூடுதல் விலை கேட்கிறது. அந்த 47 நாள்களில் நான் கூடுதலாகச் செலவிட்டது 70,500 ரூபாய். தறிக்காரர்களுக்குத் தீபாவளி போனஸாக எடுத்துவைக்க வேண்டிய பணம் அது. ஒருமுறைகூடத் தவணை சொல்லாத நான், இந்த ஆண்டு பாதியைத் தீபாவளிக்கு முன்பும் பாதியைக் கார்த்திகையிலும் கொடுத்தேன். பாதிப் பணத்தை வாங்கிக்கொண்டு, “பரவால்லீங்க” என்று சொல்லிப் போனவர்களின் முகத்தை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை. உங்கள் நிறுவனத்திலிருந்து வந்த பதிலோ, “சின்ன டபுள் கவுண்ட் சார், சரி பண்ணிட்டோம்” என்ற ஒற்றை வரிதான்.

எங்கள் கோரிக்கை இது: மாதம் ஒருமுறை எங்கள் தளத்தின் டேகுகளைத் தணிக்கை செய்து, எழுத்துப்பூர்வமாக எங்களிடம் தாருங்கள்.

நூல் எடை போடும் எங்கள் மின்னணுத் தராசை ஆண்டுதோறும் காட்டி முத்திரை வாங்குகிறோம். முத்திரை இல்லாத தராசில் எடை போட்டால் அபராதம் கட்ட வேண்டும். எங்கள் மொத்த விளம்பரப் பணத்தையும் எடைபோடும் தராசு உங்கள் கையில் இருக்கிறது. அதை ஆண்டுக்கு ஒருமுறைகூட எவரும் சோதிப்பதில்லை.

தணிக்கை நடந்திருந்தால் இன்னும் பலவும் வெளியே வந்திருக்கும். தளத்துக்கு வருவோரைக் கணக்கிடும் கூகுளின் பழைய கருவியான யுனிவர்சல் அனலிடிக்ஸ் 2023 ஜூலை 1 முதல் புதிய தரவை ஏற்பதை நிறுத்திவிட்டது. அதன் டேக் இன்றுவரை எங்கள் தளத்தில் இருக்கிறது. எங்களோடு உறவு முடிந்துபோன முந்தைய நிறுவனத்தின் பிக்சல், எங்கள் தளத்துக்கு வருபவர்களின் விவரங்களை இன்னமும் அவர்களுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. இவற்றைவிட என்னை உலுக்கியது வேறொன்று. நன்றிப் பக்கத்தின் முகவரியிலேயே வாடிக்கையாளரின் மொபைல் எண் இடம்பெற்றிருக்கிறது. பக்க முகவரியைப் படிக்கும் ஒவ்வொரு டேகும் அந்த எண்ணையும் சேர்த்தே எடுத்துச்செல்கிறது. அப்படி அனுப்பக் கூடாது என்பது கூகுள் அனலிடிக்ஸின் விதி. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, நாங்கள் அமர்த்திய நிறுவனம் செய்யும் பிழைக்கும் பொறுப்பு எங்களுடையதே. போதிய பாதுகாப்பு இல்லாமல் தரவு கசிந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடமிருக்கிறது.

2018இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமான நிறுவனத்தின் தளத்தில் ஓடும் கோடான ஒரு ஸ்கிரிப்டை யாரோ மாற்றியதால் வாடிக்கையாளர்களின் அட்டை விவரங்கள் திருடுபோனதும், அதற்காக 2020இல் அந்நிறுவனத்துக்கு 2 கோடி பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டதும் நீங்கள் அறிந்தவைதான். அட்டைப் பரிவர்த்தனைக்கான பிசிஐ டிஎஸ்எஸ் நெறியும், பணம் செலுத்தும் பக்கத்தில் ஓடும் ஒவ்வொரு ஸ்கிரிப்டுக்கும் பட்டியலும் காரணமும் எழுதிவைக்க வேண்டும் என்பதை 2025 மார்ச் 31 முதல் கட்டாயமாக்கிவிட்டது. நான் புதிதாக எதையும் கேட்கவில்லை.

எல்லாவற்றையும் நேரில் பார்த்துவிடலாம் என்று டேக் மேனேஜர் கணக்கைக் கேட்டேன். அது உங்கள் நிறுவனத்தை விட்டுப் போய்விட்ட ஒருவரின் சொந்த ஜிமெயிலில் இருக்கிறது என்றார்கள். என் கடையின் சாவி, முகம் தெரியாத ஒருவர் பையில் இருக்கிறது! ஆறு மாதத்துக்கு ஒருமுறை எங்கள் கணக்கைப் பார்ப்பவர் மாறுகிறார். புதிதாக வருபவருக்குப் பழையவர் எதையும் சொல்லிவிட்டுப் போவதில்லை. மாதக் கட்டணப் பில் மட்டும் ஒரு நாளும் பிந்தியதில்லை; விளம்பரச் செலவில் இத்தனை சதவீதம் என்று நீங்கள் கட்டணம் வாங்குவதால், என் செலவு வீணாக ஏறிய அந்த 47 நாள்களிலும் உங்கள் வரவு ஏறவே செய்தது. அந்த ரிப்போர்ட்டுகளின் வண்ணப் படங்களைப் பார்த்து எத்தனை சிறு விற்பனையாளர்கள் கடன் வாங்கிச் சரக்கு சேர்த்திருப்பார்களோ என்று நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

சற்றுக் கடுமையாகப் பேசிவிட்டேன். பொறுத்தருள வேண்டும். உங்களிடம் வேலை செய்யும் பிள்ளைகளின் உழைப்பால்தான் சென்னிமலைத் துணி டெல்லி வரை போகிறது என்பதை மறக்கவில்லை. அந்த நன்றியோடுதான் கேட்கிறேன். எந்த டேக் எந்தப் பக்கத்தில், யாரால், எதற்காகப் பதிக்கப்பட்டது என்ற பட்டியல் ஒன்றை எங்களுக்குத் தாருங்கள். தளத்தில் எந்த மாற்றம் நடந்தாலும், அன்றே ஒரு சோதனை ஆர்டர் போட்டு, டேகுகளைச் சோதிக்கும் கூகுளின் டேக் அசிஸ்டென்ட்டில் பாருங்கள். எண்ணிக்கை திடீரென மாறினால் மின்னஞ்சல் அனுப்பும் வசதி அனலிடிக்ஸிலேயே இருக்கிறது. அதை இயக்கி, எங்கள் முகவரியையும் சேர்த்துவிடுங்கள். வாரம் ஒருமுறை எங்கள் ஆர்டர் நோட்டோடு உங்கள் எண்ணை ஒப்பிடுங்கள். நோட்டை நாங்கள் படம் எடுத்து அனுப்புகிறோம். கணக்குகளின் உரிமையை எங்கள் மின்னஞ்சலுக்கு மாற்றி, உங்களுக்கு வேண்டிய அனுமதியை எங்களிடமிருந்து பெற்றுக்கொள்ளுங்கள். இந்தத் தணிக்கைக்குத் தனிக் கட்டணம் என்றாலும் நியாயமான தொகையைத் தரச் சம்மதிக்கிறேன்.

பொங்கல் விற்பனை மார்கழிப் பாதியில் தொடங்கிவிடும். அதற்கு முன்பாக முதல் தணிக்கை அறிக்கை எங்கள் கைக்கு வந்துசேர ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சென்னிமலையில் கைத்தறி விற்கும் உங்கள் வாடிக்கையாளர்