எடுத்தவர் பெயர்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த ‘தேர்ந்தெடுத்த குடும்பம்’ கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பழைய ஆல்பங்களையும் கடிதங்களையும் வைத்துக்கொண்டு கலைஞர்கள் தங்கள் தந்தையரைத் தேடுவதைக் கட்டுரையாளர் நன்றாகவே எழுதியிருந்தார். தலைப்பில்தான் எனக்கு ஒரு வழக்கு. தேர்ந்தெடுத்தது யார்?

மானுடவியலாளர் கேத் வெஸ்டன் 1991-இல் இதுபற்றி நூல் எழுதினார். சான் பிரான்சிஸ்கோவில் தன்பாலின ஈர்ப்பாளர்கள் தங்களுக்கென அமைத்துக்கொண்ட குடும்பங்கள் பற்றியது. பெரும்பாலும் பெரியவர்கள் ஒருவரையொருவர் கண்டடைந்த கதை. அப்பா இறந்தபோது எனக்கு ஏழு வயது. அந்த வயதில் நான் யாரைத் தேர்ந்தெடுத்திருக்க முடியும்? அப்பாவின் நண்பர்தான் எங்களைத் தேர்ந்தெடுத்தார். மாமா என்று கூப்பிட்டேன். “தாய்மாமனா?” என்பார்கள். இல்லை. “அப்போ என்ன உறவு?” சித்தப்பா, பெரியப்பா என்று அப்பாவிலேயே சின்னதும் பெரியதும் வைத்திருக்கும் மொழியில் அவருக்கு ஒரு சொல் அகப்படவில்லை.

மதிப்பெண் அட்டையில் ‘பெற்றோர் / பாதுகாவலர்’ என்று இருக்குமே, அதில் முதல் சொல்லை ஸ்கேல் வைத்து அடித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். அந்தக் கோட்டின் மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு.

அவர் காலமானபின், முகத்தை வரையலாம் என்று மூன்று ஆல்பங்களையும் புரட்டினேன். ஒன்றில்கூட அவர் இல்லை. அத்தனையும் அவர் எடுத்த படங்கள். பசைத் தாளில் ஒட்டிக்கொண்டவற்றைப் பல்லிடுக்கு நூலால் மெல்ல அறுத்து எடுத்தேன். பின்புறம் பென்சில் எழுத்து. பேனா மை முன்பக்கம் ஊறிவிடும் என்று தெரிந்தவர். ‘16, 125, வெயில்’, ‘11, 125, மேகம்’. முதலாவது லென்ஸின் துளை அளவு, அடுத்தது ஷட்டர் வேகம். ஒரே ஒரு படத்தின் பின்னால் மட்டும், ‘சிரிக்க மாட்டேன் என்கிறாள்.’

சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்பது அந்தக்கால கேமராக்காரர்களின் பாலபாடம். அதனால் நான்கு படங்களில் அவர் நிழல் தரையில் நீண்டு கிடக்கிறது. முழங்கைகள் இரண்டும் மடங்கி, தலை என் செருப்பைத் தொடுகிற மாதிரி. கடைசியில் அந்த நிழலைத்தான் வரைந்தேன். தரையும் நிழலும், வேறொன்றும் இல்லை.

புகைப்படக் கலைஞர் லாரி சுல்தான் சுமார் பத்து ஆண்டுகள் தன் பெற்றோரைப் படமெடுத்து, 1992-இல் நூலாக்கினார். கோட்டு சூட்டோடு கட்டிலில் சோர்ந்து உட்கார்ந்திருக்கும் தன் படத்தைப் பார்த்த அவர் அப்பா, ‘அது நானில்லை, நீதான்’ என்கிற பொருளில் சண்டை பிடித்தாராம். என் ஓவியத்தை மாமா பார்த்திருந்தால் அவ்வளவெல்லாம் பேசியிருக்க மாட்டார். நிழல் விழும் திசை தப்பு என்றிருப்பார். தப்புதான்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். வாசகர்களின் குடும்பப் படங்களை வெளியிடும்போது ‘இடமிருந்து வலமாக’ என்று எல்லாப் பெயரையும் போடுகிறீர்கள். கீழே ‘எடுத்தவர்’ என்று இன்னொரு வரியும் சேருங்கள். என்னைப் போல் எத்தனை பேர் அந்த வரியை நிரப்புவார்கள் என்று பாருங்கள்.

இத்துடன் ஒரு படம் அனுப்பியிருக்கிறேன். இடம் போதாவிட்டால் மேலே வானத்தை வெட்டிக்கொள்ளுங்கள். கீழே வெட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி