சாலையோரத்திலேயே ‘செட்டில்’ செய்துவிடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2025 மே 13ஆம் தேதி, இங்கே மலேசியாவின் தெலுக் இந்தானில் சித்ரா பௌர்ணமி ஊர்வலத்துக்குப் பாதுகாப்புக் கொடுத்துவிட்டுத் திரும்பிய கலகத் தடுப்புப் போலீசார் 9 பேர், சிக்குஸ் - சுங்கை லம்பாம் சாலையில் கல் லோரி மோதி மாண்டார்கள். அதன் பிறகு லோரிகளின் பாரத்தைப் பற்றியும் பராமரிப்பைப் பற்றியும் பத்திரிகைகளில் நிறைய எழுதியாயிற்று. அதே மாதிரியான சாலைகளில் விடியுமுன் பெரட்டுக்கு (வேலை பிரித்துக் கொடுக்கும் காலைக் கூட்டத்துக்கு) மோட்டார் சைக்கிளில் ஓடும், செம்பனைத் தோட்டங்களின் தமிழ்நாட்டுத் தொழிலாளர்களைப் பற்றித்தான் யாரும் எழுதுவதில்லை. மலாய் அரைகுறை, ஓடிவரச் சொந்தக்காரர் இல்லை, பெர்மிட் விவகாரம் முழுக்க முதலாளி கையில். இப்படிப்பட்டவர் அடிபட்டால் கிடைக்க வேண்டியது கிடைக்காமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் சட்டத்தில் ஓட்டை இருப்பதல்ல. முதல் நாளில் செய்யாமல் விட்ட சில வேலைகள்தான்.

முதலில் சாலையைப் பற்றிக் கொஞ்சம். ஊரிலும் இடதுபக்கம், இங்கும் இடதுபக்கம். அதனால் பழகிய ரோடு என்ற நினைப்பு சீக்கிரம் வந்துவிடுகிறது. ஏமாற்றுவது வேகம். ஊரில் பின்னால் வருபவர் ஹாரன் அடித்து வழி கேட்பார். இங்கே சத்தமே இல்லாமல் ஒட்டி வந்து முந்திவிடுவார். கண்ணாடியைப் பார்க்காமல் வலதுபக்கம் சாய்ந்தால் அவ்வளவுதான்.

தோட்டத்துப் பாதை பெரிய சாலையில் ஏறும் முனைதான் மிக மோசம். கூட்டரசு சாலையில் வேக வரம்பு 90 கிலோமீட்டர். அந்த வேகத்தில் வரும் கார் நொடிக்கு 25 மீட்டர் கடக்கும். பின்னால் ஆள் உட்கார்ந்த கப்சாய் (சின்ன மோட்டார் சைக்கிள்), நின்ற இடத்திலிருந்து சாலையைக் கடந்து வலது பக்கம் திரும்பி முடிக்க 4 நொடி பிடித்தால், 100 மீட்டர் தூரத்தில் தெரிந்த விளக்கு அதற்குள் பக்கத்தில் வந்துவிடும். ‘தூரத்தில்தானே வருகிறான்’ என்று பாய்வது இதனால்தான் ஆகாது. அதே முனையில் லோரி டயர்கள் இழுத்து வந்த செம்மண்ணும் பொடிக்கல்லும் தாரின் மேல் கிடக்கும்; மில்லுக்குப் போகும் லோரியிலிருந்து சிந்திய உதிரிப்பழமும் கிடக்கும். திரும்பும்போது முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி வழுக்கி விழும். வேகத்தைத் திரும்புமுன்பே, வண்டி நேராக இருக்கும்போதே குறைத்துவிட வேண்டும்.

லோரி இடதுபக்கம் மில்லுக்குள் திரும்ப வேண்டுமானால் முதலில் வலதுபக்கம் ஒதுங்கும். வழி விடுகிறான் என்று நினைத்து இடது இடுக்கில் நுழையும் மோட்டார்தான் பின்சக்கரத்தில் மாட்டுகிறது. அந்தப் பக்கம் ஓட்டுநருக்குக் கண் எட்டாது; சிக்னல் போட்டிருந்தாலும் போடாவிட்டாலும் லோரிக்குப் பின்னாலேயே நின்றுவிடுவது நல்லது. குலை வெட்டும் அரிவாளை உறை போடாமல் மோட்டாரில் கட்டிக்கொண்டு போவதும் கண்ணில் படுகிறது. விழும்போது அது யார் கழுத்தில் பாயும் என்று சொல்ல முடியாது. பழைய டயர்க் குழாயை வெட்டிச் சுற்றிக் கட்ட ஐந்து நிமிடம் போதும். ஹெல்மெட்டில் சிரிம் (மலேசியத் தர நிறுவனம்) முத்திரை இருக்க வேண்டும், தாடைப் பட்டை பூட்டியிருக்க வேண்டும். பூட்டாத ஹெல்மெட் ஆள் கீழே விழுமுன்பே தலையை விட்டுப் பறந்துவிடும்.

இனி, மோதிய பிறகு. அழைக்க வேண்டிய எண் 999. நினைவில்லாமல் கிடப்பவரின் ஹெல்மெட்டை இழுத்துக் கழற்றாதீர்கள். மூச்சு நின்றிருந்தால் மட்டுமே, ஒருவர் கழுத்தைத் தாங்க இன்னொருவர் மெதுவாகக் கழற்ற வேண்டும். ரத்தம் வழிந்தால் சுத்தமான துணியை வைத்து அழுத்திக்கொண்டே இருங்கள். எடுத்து எடுத்துப் பார்க்க வேண்டாம். கடுமையான காயம் என்றால், ஆளை மீட்பதற்காக அன்றி வேறெதற்கும் போலீஸ் சொல்லாமல் வண்டியை நகர்த்தக் கூடாது. கையில் போன் வைத்திருப்பவர் முதலில் எதிர் வண்டியின் நம்பர் பிளேட்டையும், பிறகு வண்டிகள் கிடக்கும் இடத்தையும் சாலைக் கோட்டோடு சேர்த்தும், கடைசியாகப் பிரேக் தேய்ந்த தடத்தையும் உடைந்த துண்டுகளையும் படம் எடுக்க வேண்டும். துண்டுகள் எந்தப் பாதியில் சிதறியிருக்கின்றன என்பதை வைத்தே யார் கோடு தாண்டினார் என்பது பல சமயம் தெரிகிறது. மழை வந்தால் அரை மணி நேரத்தில் ஒன்றும் மிஞ்சாது.

இந்த நேரத்தில்தான் எதிராளி ‘போலீஸ் எதற்கு, செட்டில் பண்ணிக்கொள்வோம்’ என்று 200, 300 ரிங்கிட்டை நீட்டுவார். ‘நீ வெளிநாட்டுக்காரன், போலீசுக்குப் போனால் உனக்குத்தான் தொல்லை’ என்று பயமுறுத்துவதும் உண்டு. வாங்காதீர்கள். 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 52ஆவது பிரிவுப்படி, விபத்தில் சிக்கிய ஓட்டுநர் 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் செய்தாக வேண்டும். மூன்றாம் நாள் இடுப்பு எலும்பில் விரிசல் என்று எக்ஸ்ரே சொல்லும்போது அந்த 300 ரிங்கிட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? முதலில் புகார் செய்தவர் பக்கம்தான் கேஸ் என்பதும் கட்டுக்கதை. விசாரணை அதிகாரி இடத்தைப் பார்த்து, வரைபடம் போட்டு, இரு தரப்பையும் கேட்டுத்தான் முடிவு செய்வார். புகார் மலாயில் பதிவாகும். மலாய் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுப் பிறகு கையெழுத்துப் போடுங்கள். எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்கு, எதற்காகப் போய்க்கொண்டிருந்தார் என்ற இரண்டும் அதில் கட்டாயம் இருக்க வேண்டும்.

‘எதற்காக’ என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் பெர்கேசோ, அதாவது தொழிலாளர்களுக்கான சமூகப் பாதுகாப்பு நிறுவனம். 2019 ஜனவரி 1 முதல் அந்நியத் தொழிலாளர்களும் பெர்கேசோவின் வேலையிட விபத்துத் திட்டத்தில் இருக்கிறார்கள், இந்தத் திட்டத்துக்குச் சம்பளத்தில் 1.25 விழுக்காட்டை முதலாளி கட்ட வேண்டும், இதைத் தொழிலாளியிடம் பிடிக்கக் கூடாது. தங்குமிடத்திலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்து இதில் சேரும். வழியில் பாசார் மாலாமுக்கு (இரவுச் சந்தைக்கு) ஒதுங்கிவிட்டுப் போகும்போது அடிபட்டால் சேராது. விபத்தை முதலாளி 48 மணி நேரத்துக்குள் பெர்கேசோவுக்குத் தெரிவிக்க வேண்டும். போலீஸ் புகார், எம்.சி. (மருத்துவ விடுப்புச் சீட்டு), அன்றைய வேலைப் பதிவு, வீட்டிலிருந்து வேலையிடத்துக்கு வரைந்த வழிப்படம் ஆகியவற்றைக் கேட்பார்கள். எம்.சி. 4 நாளுக்குக் குறையாமல் இருந்தால் தினக்கூலியில் 80 விழுக்காடு கிடைக்கும். பல காண்ட்ராக்டர்கள் இதைச் சொல்வதில்லை. ‘மருத்துவச் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன், புகார் வேண்டாம்’ என்பார்கள். பார்த்துக்கொள்வது முதல் பில் வரைக்கும்தான். அந்நியருக்கு அரசு மருத்துவமனையிலும் கட்டணம் உள்ளூர்க்காரரைப் போல் அல்ல, முன்பணமும் கேட்பார்கள். மற்றத் துறைகளில் கட்டாயமாக உள்ள 20,000 ரிங்கிட் மருத்துவக் காப்புறுதித் திட்டத்திலிருந்து தோட்டத் துறைக்கு விலக்கு உண்டு என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

பெர்கேசோ பணம் வாங்கினால் மோதிய லோரியின் காப்புறுதியில் கேட்க முடியாது என்று சிலர் சொல்கிறார்கள். தவறு. அது தனி, இது தனி. காயத்துக்கு 6 ஆண்டுக்குள்ளும், இறந்தவரின் குடும்பம் 3 ஆண்டுக்குள்ளும் வழக்குப் போட வேண்டும். வருமான இழப்பை நிரூபிக்கச் சம்பளச் சீட்டோ வங்கிக் கணக்கோ வேண்டும். கையில் காசாக வாங்கும் பழக்கம் இங்கேதான் காலை வாரிவிடுகிறது. மருத்துவமனை வார்டிலேயே ‘கேஸ் எடுத்துத் தருகிறேன், வருவதில் இத்தனை விழுக்காடு’ என்று வந்து நிற்கும் ஏஜெண்டுகளிடம் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். வழக்கில் வெல்லும் தொகையில் பங்கு கேட்க வழக்கறிஞருக்கே இந்நாட்டில் அனுமதி கிடையாது. வழக்கு முடியுமுன் ஊருக்குத் திரும்புவதானால் நிபுணரின் மருத்துவ அறிக்கையைக் கையோடு வாங்கிவிட வேண்டும்.

இன்னொன்று பெரும்பாலோருக்குத் தெரியாது. குடிபெயர்வுச் சோதனை தேவைப்படும் (ECR) இந்தியக் கடப்பிதழோடு முறையாக வேலைக்கு வந்தவர், புறப்படுமுன் ‘பிரவாசி பாரதிய பீமா யோஜனா’ என்ற காப்புறுதியைக் கட்டியிருப்பார். 2 ஆண்டுக்கு 275 ரூபாய், 3 ஆண்டுக்கு 375 ரூபாய். விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமானாலோ 10 லட்சம் ரூபாய். அந்தப் பத்திரம் ஏஜெண்டின் கோப்பில் கிடந்து பயனில்லை. ஒரு நகல் ஊரில் மனைவியிடமோ பெற்றோரிடமோ இருக்கட்டும். சுற்றுலா விசாவில் வந்து வேலை செய்பவருக்கு இது இல்லை.

லைசென்ஸ் பற்றி முதலாளிகளுக்கு ஒரு வார்த்தை. ஊர் லைசென்ஸ் இங்கே எந்த அளவுக்குச் செல்லும் என்பதை ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) அலுவலகத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ரூம்மேட் ஓட்டினார், ஒன்றும் ஆகவில்லை என்பது பதில் ஆகாது. லைசென்ஸ் இல்லாதவரிடம் சாவியைக் கொடுத்து ‘கடைக்குப் போய்விட்டு வா’ என்று அனுப்பினால், ஓட்டியவரோடு அனுப்பியவரும் குற்றவாளிதான். சம்பள நாளில் தண்ணி போட்டுவிட்டு ஓட்டுகிறவர்களுக்கும் சொல்ல வேண்டியது உண்டு: 2020 அக்டோபர் முதல், குடித்து ஓட்டி உயிர்ச்சேதம் ஏற்படுத்தினால் 10 முதல் 15 ஆண்டுச் சிறை, 50,000 முதல் 100,000 ரிங்கிட் அபராதம்.

தோட்ட நிர்வாகங்கள் பெரட்டுக் களத்துப் பலகையில் 999, பக்கத்துப் போலீஸ் நிலையம், பெர்கேசோ அலுவலகம் ஆகியவற்றின் எண்களையும், ‘24 மணி நேரம், 48 மணி நேரம்’ என்பதையும் தமிழில் எழுதி ஒட்டச் செய்யுமாறு தங்கள் பத்திரிகை வழியாகக் கேட்டுக்கொள்கிறோம்.

நன்றி.

தோட்டப்புற வாசகர்கள்,
தெலுக் இந்தான், பேராக்.