பத்து நாள்தான், வாய்தா கிடையாது

ஆசிரியருக்கு வணக்கம்.

கடன் வழக்குகள் வருடக்கணக்கில் இழுபடுவதாகச் சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். சரி. ஆனால் மளமளவென்று முடிகிற கடன் வழக்கும் உண்டு. அதில் மாட்டிய பக்கத்துக் கடைக்காரரோடு சென்னை சிட்டி சிவில் கோர்ட்டுக்கு அலைந்தவன் நான்.

அவருக்கு பைண்டிங் கடை. பேப்பர் வாங்க ஒன்றரை லட்சம் கடன் வாங்கினார். தொகையும் தேதியும் எழுதாத புரோநோட்டில், ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் மேல் கையெழுத்து. பணத்தை ரொக்கமாகவே கட்டி முடித்துவிட்டார். நோட்டைக் கேட்டதற்கு, "பீரோவில் இருக்கு, அப்புறம் வாங்கிக்கலாம்" என்றாராம் கடன் கொடுத்தவர். அப்புறம் வந்தது சம்மன், மூன்று லட்சத்துக்கு!

வெற்று நோட்டில் கையெழுத்துப் போட்டால் செல்லாது என்றே பலரும் நம்புகிறார்கள். ஆனால் புரோநோட்டு, செக் போன்றவற்றுக்கான செலாவணி முறிச் சட்டத்தின் 20-வது பிரிவு, ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்திட்டுக் கொடுத்த தாளைப் பூர்த்தி செய்துகொள்ளும் அதிகாரத்தை, அதை வாங்கியவருக்கே கொடுக்கிறது. பணம் கைமாறவில்லை என்றால் அதை நாம்தான் காட்ட வேண்டும்.

வழக்கு, உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 37-ன்படி போட்ட சுருக்க வழக்கு. அதாவது, கோர்ட் அனுமதி தந்தால்தான் எதிர்த்து வாதாடவே முடியும். சம்மன் கைக்கு வந்த 10 நாளில் ஆஜராவதாகப் பதிவு செய்ய வேண்டும். தவறினால் எதிராளி சொன்னதெல்லாம் ஒப்புக்கொண்டதாகிவிடும், பணத்தைக் கட்டச் சொல்லி டிகிரிதான். பதிவு செய்த பிறகு தீர்ப்புக்கான சம்மன் என்று இன்னொன்று வரும். அதிலிருந்து 10 நாளில், எதிர்த்து வாதாட அந்த அனுமதி கேட்டு அஃபிடவிட் போட வேண்டும். இவரோ முதல் சம்மனைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு, "கோர்ட்டுன்னா வாய்தா வாய்தான்னு போகும்" என்று உட்கார்ந்திருந்தார். எட்டாம் நாள் தற்செயலாக என் கண்ணில் பட்டது.

அனுமதி கிடைத்தது, பாதித் தொகையை கோர்ட்டில் கட்டு என்ற நிபந்தனையோடு. விசாரிக்க வேண்டிய விஷயம் இருந்தால் நிபந்தனை இல்லாமலே அனுமதி தரலாம், எதிர்வாதத்தில் சந்தேகம் இருந்தால் நிபந்தனை போடலாம் என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. நீதிபதியைக் குறை சொல்ல முடியாது. ரொக்கமாகக் கட்டியதற்கு இவரிடம் துண்டுச் சீட்டுகூட இல்லையே. கட்டும்போதே நோட்டின் பின்பக்கம் வரவு எழுதி வாங்கியிருக்கலாம். அதிலும் கவனம் வேண்டும்: வழக்குப் போடுவதற்கான மூன்று வருடக் கெடு முடிவதற்குள், பணம் கட்டுகிறவர் வரவு எழுதிக் கையெழுத்துப் போட்டால், அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்று வருடம் ஓடும்.

வீட்டை அடமானம் வைத்த வங்கிக் கடனுக்கு நாள் கணக்கு வேறு. சர்ஃபேசி சட்டத்தில் வங்கி வழக்கே போட வேண்டாம். 60 நாள் நோட்டீஸ், அதற்கப்புறம் சொத்தைக் கையகப்படுத்தலாம். அதை எதிர்த்துக் கடன் மீட்புத் தீர்ப்பாயம் போக 45 நாள். விவசாய நிலத்துக்கு விலக்கு உண்டு.

கடன் கொடுத்தவருக்குப் பணம் சீக்கிரம் வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. கோர்ட்டுகளே, சுருக்க வழக்குச் சம்மனின் தலையிலேயே "10 நாள்" என்று கொட்டை எழுத்தில், தமிழில் அச்சிடுங்கள். இலவச சட்ட உதவிக்கான 15100 எண்ணையும் அதன் கீழே போடுங்கள். இதைத்தான் கேட்கிறேன்.

பைண்டிங் கடைக்காரர் மனைவியின் சங்கிலியை அடகு வைத்துத்தான் அந்தப் பாதித் தொகையைக் கட்டினார். இந்தத் தடவை ரசீதை எனக்குக் காட்டிவிட்டுத்தான் சட்டைப் பையில் வைத்தார்.

— ஒரு வாசகர், சென்னை