மறைக்காணி யார் வாசலைப் பார்க்கிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

தாமான்களில், அதாவது வீடமைப்புப் பகுதிகளில், மறைக்காணி (சிசிடிவி கேமரா) பொருத்துவது நல்லது என்கிறார்கள். மோட்டார் திருடன் சிக்கினால் சரி, எனக்கும் மகிழ்ச்சிதான். எங்கள் வீட்டில் நடந்தது வேறு.

என் மனைவி விடியற்காலையில் பக்கத்து வீட்டு வேலியோரம் நிற்கும் நந்தியாவட்டையில் சாமிக்கு நாலு பூ பறிப்பார். அந்த வீட்டம்மாவே "பறிச்சிக்கோங்கக்கா" என்று சொன்னதுதான். போன மாதம் எதிர்வீட்டு மறைக்காணியில் பதிவான அந்தக் காட்சி, "பூக்கள்ளி" என்ற தலைப்போடு தாமான் புலன (வாட்ஸ்அப்) குழுவுக்கு வந்தது. கீழே வரிசையாகச் சிரிப்பு முகங்கள். திருடி என்று சொன்னதைக்கூட அவர் பெரிதுபடுத்தவில்லை. நைட்டியோடு, தலைகூட வாராமல் நின்றதை ஊரே பார்த்துவிட்டதே என்றுதான் அழுதார்.

நான் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், வளர்ந்தவன். அங்கே ரகசியம் ஏது? பலகைச் சுவர், இந்த வீட்டில் இருமினால் மூன்றாம் வீட்டில் கேட்கும். யாருக்கு ஊரிலிருந்து கடிதம் வந்தது என்று தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணிக்குத் தெரியும். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு யார் வரவில்லை என்று கங்காணிக்குத் தெரியும். ஆனால் அவர்களுக்குத் தெரியும் என்பது நமக்கும் தெரியும். எதிரே வந்தால் நாலு வார்த்தை கேட்டுவிடலாம். இந்தக் கண்ணாடிக் குமிழிடம் என்ன கேட்பது?

சட்டம் இருக்கிறதே என்று மகன் சொன்னான். மலேசியாவின் 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரில் நடப்புக்கு வந்தது உண்மைதான். அது வர்த்தகத்துக்கானது. ஒருவர் தம் சொந்த வீட்டுத் தேவைக்குச் சேர்க்கும் தகவலுக்கு விலக்கு உண்டு. மத்திய, மாநில அரசாங்கங்களை அது கட்டுப்படுத்தாது. 2024-இல் திருத்தியபோதும் அதில் மாற்றமில்லை.

தாமான் நுழைவாயில் காவலர் கூண்டில் இன்னொரு கூத்து. வருகிறவர்கள் எல்லாம் ஐசி (அடையாள அட்டை) எண்ணை எழுத வேண்டுமாம். 12 இலக்கத்தில் முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம். அந்தப் புத்தகம் மேசையில் விரித்தபடியே கிடக்கிறது. போன வாரம் எனக்கு முன்னால் வந்த எட்டுப் பேரின் வயதை நின்றபடியே கணக்குப் போட்டேன்.

குடியிருப்பாளர் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். மறைக்காணி அவரவர் வீட்டு வாசலைப் பார்க்கட்டும். திருட்டு நடந்தால் பதிவைப் போலீசிடம் கொடுங்கள், புலனத்தில் போடாதீர்கள்.

எதிர்வீட்டுக்காரரிடம் பேசினேன். வருத்தப்பட்டு மறைக்காணியைத் திருப்பிவிட்டார், நல்ல மனிதர். காணொளியைக் குழுவிலிருந்து அழித்தும் விட்டார். அதற்குள் ஈப்போவிலிருக்கும் என் மைத்துனி கைப்பேசிக்கே அது போய்ச் சேர்ந்திருந்தது. என் மனைவி இப்போது கடையில் முழம் போட்டுப் பூ வாங்குகிறார்.

இப்படிக்கு,
தோட்டத்து வாசகன்,
சுங்கை சிப்புட், பேராக்