வாக்குச்சீட்டில் வள்ளி வல்லியாகலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் தேர்தலில் நிற்பவர்கள் தங்களுக்குச் சூட்டிக்கொள்ளும் சீனப் பெயர்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த துணுக்கைப் படித்துச் சிரித்தேன். ஆனால், கேரளத்தின் தேவிகுளம் வட்டத்தில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாடம் சொல்லிக்கொடுத்து, தேர்தல் பணியும் பலமுறை பார்த்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், அந்தச் சிக்கலின் இன்னொரு வடிவம் நம் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்திருப்பதைத் தங்கள் வாசகர்களுக்கு எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

அமெரிக்கச் சங்கதியை முதலில் சற்று விளக்கிவிடுகிறேன். துணுக்கில் அது பாதிதான் வந்திருந்தது. அந்நாட்டு வாக்குரிமைச் சட்டத்தில் 1975-இல் சேர்க்கப்பட்ட 203-ஆம் பிரிவு, ஆங்கிலம் போதிய அளவு தெரியாத வாக்காளர்கள் ஒரே மொழியினராக 10,000 பேருக்கு மேலோ 5 விழுக்காட்டுக்கு மேலோ உள்ள பகுதிகளில் (எழுத்தறிவைப் பற்றிய இன்னொரு நிபந்தனையும் உண்டு) வாக்குச்சீட்டை அவர்கள் மொழியிலும் தர வேண்டும் என்கிறது. பதவியின் பெயர், வாக்களிக்கும் முறை ஆகியவற்றை மொழிபெயர்த்துவிடலாம். ஆளின் பெயரை என்ன செய்வது என்பதில்தான் தகராறு. பாஸ்டன் நகரத்தின் மீது அந்நாட்டு நீதித்துறை 2005-இல் வழக்குத் தொடுக்க, சீனத்திலும் வியட்நாமியத்திலும் சீட்டு அச்சிட நகரம் ஒப்புக்கொண்டது. மாசசூசெட்ஸ் மாநிலச் செயலராக இருந்த வில்லியம் கால்வின் மட்டும், வேட்பாளர் பெயர்களைச் சீன எழுத்தில் பெயர்ப்பதற்கு 2007-இல் கடும் எதிர்ப்புத் தெரிவித்தார். அப்போது அதிபர் வேட்பாளராக முயன்றுகொண்டிருந்தவர்களில் மிட் ராம்னி என்ற பெயர் ‘ஒட்டும் அரிசி’ என்றும், பிரெட் தாம்சன் என்ற பெயர் ‘நற்குணச் சூப்பு’ என்றும் படிக்கப்படக்கூடும் என்பது அவருடைய அச்சம்.

அந்த அச்சம் முழுக்கப் பொய்யில்லை. சீனத்தில் நம்முடையதைப் போன்ற அரிச்சுவடி கிடையாது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒலியும் உண்டு, பொருளும் உண்டு. ஒரே ஒலிக்குப் பல எழுத்துகளும் உண்டு. எதை எடுத்தாலும் ஒரு பொருள் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். ஆனால் படிக்கிறவருக்கு அது ஆள்பெயர் என்று தெரியும் என்பதைச் செயலர் கணக்கில் கொள்ளவில்லை. நம் ஊரில் பிச்சைமுத்து என்பவரை யாரும் யாசகராக நினைப்பதில்லை. குப்பம்மாளின் வீட்டைக் குப்பைமேடு என்று யாரும் ஒதுக்கி வைப்பதுமில்லை. பெயராகிவிட்ட சொல்லில் பொருள் உறங்கிப்போகிறது. சீனர்களுக்கும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

சான் பிரான்சிஸ்கோவில் நடந்தது இதற்கு நேர் எதிரானது. அங்கே வேட்பாளர்களே நல்ல பொருளுள்ள எழுத்துகளாகப் பொறுக்கி எடுத்துத் தங்களுக்குச் சீனப் பெயர் வைத்துக்கொண்டார்கள். மாநில செனட்டர் ஸ்காட் வீனருடைய சீனப் பெயரில் உள்ள மூன்று எழுத்துகளுக்கு வலிமை, நன்மை, உயரம் என்று பொருள். (அவர் நெட்டையான மனிதர் என்பதால் மூன்றாவதைப் பற்றி யாரும் வாய் திறக்க முடியாது.) சீனப் பெயரோடே பிறந்து வளர்ந்த வேட்பாளருக்கும், தேர்தலுக்காக நேற்று பெயர் வாங்கியவருக்கும் சீட்டில் வேறுபாடு தெரியாமல் போகிறதே என்ற முறையீடு எழுந்ததன்பேரில், கலிபோர்னியா 2019-இல் ஒரு சட்டம் இயற்றியது. பிறப்பிலேயே அமைந்த பெயரையோ, குறைந்தது இரண்டு ஆண்டுகளாகப் பொதுவெளியில் வழங்கிவரும் பெயரையோதான் வேட்பாளர் தரலாம். மற்றவர்களின் பெயரை ஒலிப்படி எழுத வேண்டும் என்பது அதன் சாரம். சான் பிரான்சிஸ்கோ 2024 தேர்தலில்தான் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. தங்கள் துணுக்கு இதைக் கெடுபிடி என்று கேலி செய்திருந்தது. எனக்கு அது சரியான சட்டமாகவே படுகிறது. மக்கள் வாயில் வழங்குகிற பெயர் எதுவோ அதுவே சீட்டில் இருக்க வேண்டும்.

நம் எழுத்து ஒலியெழுத்தாயிற்றே, நமக்கு இந்தத் தொல்லை ஏது என்று தோன்றலாம். நானும் ஓர் உள்ளாட்சித் தேர்தல் நாள்வரை அப்படித்தான் நினைத்திருந்தேன். கேரளத்தில் தமிழரோ கன்னடரோ மிகுதியாக வாழும் வார்டுகளில் மலையாளத்தோடு அவர்கள் மொழியிலும் வேட்பாளர் பெயர்களை அச்சிடுவது வழக்கம். அந்த ஆண்டு நான் தலைமை அலுவலராக அமர்ந்திருந்த சாவடியில் நின்ற வேட்பாளர்களில் ஒருவர் தோட்டத்திலேயே கொழுந்து பறிப்பவர். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. அதில் ‘வள்ளி’ என்ற பகுதி உண்டு என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். சாவடி வாசலில் ஒட்டியிருந்த தமிழ்ப் பட்டியலில் அது ‘வல்லி’ என்று இருந்தது. அவருடைய ஊர்ப் பெயரோடு சேர்த்து எழுதியதில் ஒரு ழகரமும் லகரமாகியிருந்தது. லயத்திலிருந்து (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளிலிருந்து) வந்த ஓர் அம்மா, எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர், விரலை வைத்து ஒவ்வொரு பெயராக வாசித்துவிட்டு என்னிடம் வந்து, “சார், நம்ம அக்கா பேரக் காணமே, வேற யாரோ பேருல்ல இருக்கு” என்றார். அது அவர்தான் என்று நான் சொல்ல முடியாது. சொன்னால் சாவடிக்குள்ளேயே பிரசாரம் செய்த குற்றம் என் தலையில் விழும். அச்சான பட்டியல் இதுதான் அம்மா என்பதோடு நிறுத்திக்கொண்டேன். அவர் உள்ளே போய் என்ன செய்தார் என்பது அவருக்கும் இயந்திரத்துக்கும்தான் தெரியும்.

பிறகு விசாரித்தபோது, சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் கிடைத்த விளக்கம் எளிமையானது. வேட்பாளர் பட்டியல் முதலில் ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்யப்பட்டது. அதைப் பார்த்து மலையாளம். அதற்குப் பின் தமிழ். நான் ஆத்திரப்படுவது இந்த இடத்தில்தான். மலையாளத்தில் ழகரம் உண்டு, ளகரம் உண்டு, றகரம் உண்டு, ணகரமும் உண்டு. தமிழ்ப் பெயரை நேரே மலையாளத்தில் எழுதியிருந்தாலும், அங்கிருந்து மறுபடி தமிழுக்குக் கொண்டுவந்திருந்தாலும், ஒரு புள்ளிகூடப் பிசகியிருக்காது. ஒரே வீட்டில் பிறந்த இரண்டு மொழிகளுக்கு நடுவே, ழகரத்துக்கும் ளகரத்துக்கும் தனி எழுத்தே இல்லாத மூன்றாம் மொழியைத் தரகராக வைத்துவிட்டு, பெயர் சிதைந்துவிட்டதே என்றால் யாரை நோவது?

இலங்கைப் பெயர்களில் இதே தரகு வேலையைத் தமிழ்நாட்டு நாளிதழ்கள் பல ஆண்டுகளாகச் செய்துவருவதையும் சொல்லத்தான் வேண்டும். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் தமிழர்கள் ராஜபக்ஷ என்றும் விக்கிரமசிங்க என்றும் எழுதுகிறார்கள். சிங்களத்தில் அதுதான் ஒலி. சென்னைக்கு வரும்போது ஆங்கில எழுத்துக்கூட்டலின் வால் ஒட்டிக்கொண்டு ராஜபக்சேவும் விக்ரமசிங்கேவும் ஆகிவிடுகிறார்கள். அங்கே குடியரசுத் தலைவர் தேர்தல் சீட்டில் பெயர்கள் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று எழுத்துகளிலும் அச்சாகின்றன என்பது பாராட்டத்தக்கது. ஆனால் வரிசை சிங்கள அகர வரிசை. சிங்களத்தில் ஸகரம் ஏறக்குறையக் கடைசியில் வரும். தமிழிலோ அதே பெயரைச் சகரத்தில் எழுதினால் ககர வரிசை முடிந்ததுமே தேடத் தோன்றும். 2019-இல் 35 பேர் போட்டியிட, சீட்டின் நீளம் 26 அங்குலம். அத்தனை நீளத் தாளில் தமிழ் அகர வரிசையை நம்பித் தேடுகிறவர் மேலும் கீழும் அலைய வேண்டியதுதான்.

அகர வரிசை நம் நாட்டிலும் சின்னக் காரியமில்லை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு வேட்பாளர்களை அங்கீகரிக்கப்பட்ட கட்சியினர், பதிவுபெற்ற ஏனைய கட்சியினர், மற்றவர்கள் என மூன்று வகையாகப் பிரித்து, ஒவ்வொரு வகைக்குள்ளும் அகர வரிசையில் அடுக்கச் சொல்கிறது. முன்னெழுத்துகளைக் கணக்கில் எடுப்பதில்லை. ஒரே பெயருடையவர் இருவர் வந்தால் மட்டும் அவற்றைப் பார்ப்பார்கள். எனவே ஜெயராமன் என்று எழுதுகிற ஒரு சுயேச்சை, கிரந்த எழுத்து என்பதால் தமிழ்ப் பட்டியலின் அடியில் கிடப்பார். தனித்தமிழ்ப் பற்றால் செயராமன் என்று எழுதிக்கொண்டால் சகரத்துக்கு ஏறி மேலே வந்துவிடுவார். எழுத்துக்கூட்டலைத் தீர்மானிப்பவர் யார் என்ற கேள்வி, யார் பெயர் எந்த இடத்தில் நிற்கும் என்ற கேள்வியும்கூட.

சின்னமும் படமும் இருக்கும்போது பெயரில் ஓர் எழுத்து மாறினால் என்ன முழுகிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. பெரிய கட்சிகளுக்கு அது பொருந்தும். வாக்குப்பதிவுக்குச் சில நாட்களே இருக்கும்போது சின்னம் கிடைக்கப்பெறும் சுயேச்சைக்கு, ஆண்டாண்டாக ஊரில் புழங்கிய பெயரைத் தவிர வேறு முதல் கிடையாது. 2015 முதல் மக்களவை, சட்டமன்றத் தேர்தல்களில் வேட்பாளர் படமும் அச்சாகிறது என்றாலும், 2024 மக்களவைத் தேர்தலில் ராமநாதபுரத்தில் முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் சுயேச்சையாகப் பலாப்பழச் சின்னத்தில் நின்றபோது, அதே முன்னெழுத்தோடு அதே பெயர் கொண்ட வேறு பலரும் களத்தில் இருந்ததைத் தமிழ்நாடே பார்த்தது. படம் இருக்கிறது, சின்னம் இருக்கிறது என்பதற்காகப் பெயரின் மதிப்புக் குறைந்திருந்தால், பெயரொத்தவர்களைத் தேடிப்பிடித்து நிறுத்தும் வேலைக்கு யார் மெனக்கெடுவார்கள்?

தமிழ் எழுத்தின் குறையையும் மறைக்க வேண்டியதில்லை. ககரம் ஒன்றையே நாலு விதமாக ஒலிக்கிறோம், பகரமும் அப்படியே. மலையாளத்திலோ சிங்களத்திலோ இருந்து வரும் பெயர் தமிழில் நுழையும்போது இந்த நுட்பங்கள் மறையத்தான் செய்யும். அதனால் யாரும் கெட்டுப்போகவில்லை. காந்தி என்று எழுதுகிறோம். ‘காடு’ என்பதில் வரும் ககரமாக அதை யாரும் ஒலிப்பதில்லை. பழக்கம் அந்த இடைவெளியை நிரப்பிவிடுகிறது. எழுத்து இல்லாமையால் மாறுவதைப் பொறுத்துக்கொள்ளலாம். எழுத்து இருந்தும் ஆங்கிலத்தின் வழியாகச் சுற்றி வந்ததால் மாறுவதைப் பொறுத்துக்கொள்ள முடியாது.

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் ஒன்றுமில்லை. மக்களவைத் தேர்தலுக்கான வேட்புமனுவில், ‘என் பெயரும் என் தந்தை, தாய் அல்லது கணவர் பெயரும் இன்ன மொழியில் சரியாக எழுதப்பட்டுள்ளன’ என்று வேட்பாளர் உறுதியளிக்கும் வாசகம் ஏற்கெனவே இருக்கிறது. மொழியின் பெயரை நிரப்ப அங்கே ஓர் இடம் விட்டிருக்கிறார்கள். சீட்டு இரண்டு மொழிகளில் அச்சாகும் தொகுதிகளிலும் வார்டுகளிலும் அந்த இடத்தை இரண்டாக்கி, இரு எழுத்திலும் பெயரை வேட்பாளரே எழுதித் தரவோ, எழுதியதைப் பார்த்து ஒப்பமிடவோ செய்ய வேண்டும். ஒரு மொழி தெரியாத வேட்பாளருக்கு, அந்த மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட ஆசிரியர் ஒருவர் உரக்கப் படித்துக் காட்டினால் போதும். தன் பெயர் சரியாக ஒலிக்கிறதா என்று சொல்ல யாருக்கும் படிப்பு வேண்டாம். அச்சுக்குப் போகும் முன் மெய்ப்பை ஒரு நாள் அலுவலகச் சுவரில் ஒட்டிவைத்தால் லயத்துப் பிள்ளைகளே பிழை பிடித்துக் கொடுத்துவிடுவார்கள். மொழிபெயர்க்க வேண்டியவற்றை மொழிபெயர்க்கட்டும். அதிலும் ‘நோட்டா’வுக்கு அழகான தமிழ்த் தொடர் இருந்தும் மக்கள் நோட்டா என்றே சொல்வதைக் காண்கிறோம். பெயரை மட்டும் ஒலி மாறாமல் விட்டுவிடட்டும்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். கடந்த தேர்தலின்போது எங்கள் பகுதி வேட்பாளர் ஒருவரின் பெயரை முதல் பக்கத்தில் ஒரு விதமாகவும், மாவட்டப் பக்கத்தில் வேறு விதமாகவும், முடிவுகள் அட்டவணையில் மூன்றாவது விதமாகவும் அச்சிட்டிருந்தீர்கள். அந்த மூன்று நறுக்குகளையும் இக்கடிதத்துடன் இணைத்துள்ளேன். வேட்புமனுவில் அவர் எழுதியிருப்பது மூன்றில் எது என்பதைத் தங்கள் நிருபர் ஒருவரை அனுப்பிக் கேட்டறிந்து, அடுத்த முறை அந்த ஒன்றையே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர்,
தேவிகுளம் வட்டம், இடுக்கி மாவட்டம்.