அக்காவுக்கு, பொங்கல் கழிந்த இரண்டாம் நாள்

ஃபின்மார்க், நோர்வே
17.01.2026

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும்,

நலம். உங்கள் நலமறிய ஆவல். மூன்று மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை என்று நீங்கள் கோபப்படுவது நியாயம்தான். தொலைபேசியில் கதைத்தால் உங்களுக்கு ஒரு காது கேட்பதில்லை. கேட்கிற காதுப் பக்கம் அத்தான் நின்று விளக்கம் சொல்கிறார். அதற்குக் கடிதமே மேல்.

உங்கள் கடிதம் கிடைத்தது. ஆனால் அக்கா, அதை எழுதியது நீங்கள் இல்லை. "தங்களின் உடல்நலமும் மனநலமும் செழித்தோங்க விழைகிறேன்" என்று தொடங்குகிறது. பிறந்த நாளிலிருந்து என்னை நீ என்றும் எருமை என்றும் கூப்பிட்ட நீங்கள் எனக்கு எப்போது "தங்கள்" போட்டீர்கள்? இரண்டாம் பக்கத்தில் "குடும்பப் பிணைப்பே வாழ்வின் அடித்தளம்" என்று வேறு. அதை வாசித்துவிட்டு இவர், "உன் அக்கா பிரதேச சபைத் தேர்தலில் நிற்கப்போகிறாரா?" என்று கேட்டார். சின்னவன் செயற்கை நுண்ணறிவிடம் சொல்லி எழுதுவித்து அச்சடித்துக் கொண்டுவந்து உங்களிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறான் என்று விளங்கிவிட்டது. அடியில் பென்சிலால் நீங்களே எழுதியிருந்தீர்கள்: "கறுப்பி கன்று போட்டுவிட்டாள். நாகு கன்று." அதைத்தான் நான் நாலைந்து தரம் வாசித்தேன். கன்று கறுப்பா, சிவலையா என்று எழுதவில்லையே.

இங்கே சூரியன் நவம்பர் கடைசியில் போனது, இன்னும் திரும்பவில்லை. அடுத்த கிழமை மலைக்கு மேலே நகத்தளவு தெரியும். அன்றைக்கு உள்ளே பழப்பாகு வைத்துப் பொரித்த சூரியப் பணிஸ் விற்பார்கள், பெரியவர்களும் பிள்ளைகளைப் போல வரிசையில் நின்று வாங்குவார்கள். சூரியன் இல்லாத ஊரில் சூரியனுக்குப் பொங்குவது முப்பது வருடமாக நடக்கிற கூத்து. கிழக்கே பார்த்தால் இருட்டு. பகல் பன்னிரண்டு மணிக்குத் தெற்குப் பக்கம் மலைக்குப் பின்னால் கொஞ்சம் சிவக்கும், ஒரு மணித்தியாலத்தில் அதுவும் நீலமாகிவிடும். தெற்கே பார்த்துப் பொங்கினால் யமனுக்குப் படைத்ததாக அம்மா சொல்லியிருப்பார். நான் என்ன செய்ய, வெளிச்சம் அங்கேதானே வருகிறது. கதவைத் திறந்துவைத்துவிட்டு மின்னடுப்பில் பானையை ஏற்றினேன். பொங்கி வழிந்து அடுப்பு முழுவதும் கருகிப் பிடித்துக்கொண்டது. நேற்று முழுக்கச் சுரண்டினேன்.

முன்பெல்லாம் ஊர் மண்டபத்தை வாடகைக்கு எடுத்து முப்பது குடும்பம் சேர்ந்து பொங்கியதை படம் அனுப்பியிருந்தேன், ஞாபகம் இருக்கும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியும் அங்கேதான் நடந்தது. இப்போது நாலு குடும்பம். அதில் மூன்று குடும்பம் விடுமுறைக்கு ஒஸ்லோ போய்விட்டார்கள். எனவே பொங்கலுக்கு வந்த விருந்தாளி கீழ்வீட்டுக் கிழவர் மட்டும். நோர்வேக்காரரும் பாலில் அரிசி காய்ச்சிக் கஞ்சி செய்வார்கள், நடுவில் ஒரு கட்டி வெண்ணெய், மேலே சீனியும் கறுவாத்தூளும். கிழவர் என் பொங்கலையும் அந்தக் கஞ்சி என்றே நினைத்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து கறுவாத்தூள் போத்தலை எடுத்தார். கையோடு கொண்டே வந்திருக்கிறார்! மூன்று கோப்பை சாப்பிட்டார். முந்திரிகைப் பருப்பை மட்டும் ஒதுக்கி ஓரத்தில் வைத்தார்.

கிழவரைப் பற்றி முன்பு எழுதியிருக்கிறேன், கடற்பறவைகளோடு சண்டை பிடிக்கிறவர். இப்போது புதுச் சண்டை. கடையில் நாமே பொருளை அடித்து நாமே காசு கட்டுகிற இயந்திரம் வைத்துவிட்டார்கள். ஆள் இருக்கிற மேசை ஒன்றுதான், அதிலும் பெரும்பாலும் ஆள் இல்லை. கிழவர் அங்கே போய் மணியை அடித்துவிட்டுக் காத்து நிற்பார். பாண் அடுக்கிக்கொண்டிருக்கிற பிள்ளை ஓடிவர வேண்டும். ஒரு பெட்டி பால் வாங்க அரை மணித்தியாலம். "எனக்கு அந்தக் கடையில் சம்பளம் தருகிறார்களா, நான் ஏன் அவர்கள் வேலையைச் செய்ய வேண்டும்?" என்று கேட்கிறார். அவருக்குப் பின்னால் நிற்க எனக்கு வெட்கமாக இருக்கும். ஆனாலும் அக்கா, இப்போது நானும் அந்த வரிசையில்தான் நிற்கிறேன். நேரம் போகும், அந்தப் பிள்ளையோடு இரண்டு வார்த்தை கதைக்கவும் கிடைக்கும்.

கிழவர் அந்தக் காலத்தில் எங்கள் மீன் தொழிற்சாலையில் இயந்திரம் திருத்துகிறவராக இருந்தவர். தான் சிறுவனாக இருந்தபோது பெண்கள் வரிசையாக நின்று கத்தியால்தான் மீனைப் பிளந்தார்களாம். பிறகு ஜெர்மனியிலிருந்து பாடர் இயந்திரம் வந்தது, தலையை வெட்டும் ஒன்று, முதுகெலும்பிலிருந்து சதையைப் பிரிக்கும் ஒன்று. பிளந்த பெண்கள் முள்ளெடுக்கும் மேசைக்கு நகர்ந்தார்கள். உள்ளூர்ப் பெண்கள் போதாமல் பின்லாந்திலிருந்து பெண்கள் வந்தார்கள். அவர்கள் போக நாங்கள் வந்தோம். எங்கள் ஆட்கள் ஒஸ்லோ, பேர்கன் என்று கிளம்ப, லித்துவேனியாக்காரரும் போலந்துக்காரரும் வந்தார்கள். நான் 1996 மாசியில் வந்து நின்ற மேசையில் எனக்கு முன் நின்ற பின்லாந்துப் பெண் தன் பெயரைக் கத்தியால் கீறிவைத்திருந்தாள். அந்த மேசையைப் போன வருடம் கழற்றி எடுத்துவிட்டார்கள்.

அந்த இடத்தில் ஐஸ்லாந்திலிருந்து வந்த இயந்திரம் நிற்கிறது. அத்தானுக்கு இதைக் கட்டாயம் வாசித்துக் காட்டுங்கள். தோலுரித்த சதைத்துண்டு பட்டியில் ஓடி வரும். முதலில் எக்ஸ்-ரே படம் எடுக்கும். எந்த முள் எங்கே இருக்கிறது, எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று கணினி பார்த்துவிடும். அடுத்த கணம் ஊசி போல ஒரு தண்ணீர்த் தாரை இறங்கி, முள்வரிசையை மட்டும் கீறி எடுத்துவிட்டு, மீதியைக் கேட்ட அளவில் துண்டும் போட்டுவிடும். கத்தி இல்லை, வெறும் தண்ணீர்! நான் முள்ளோடு சேர்த்து எடுக்கிற சதையைவிட அது எடுக்கிற சதை குறைவு. முதலாளிக்கு அதுதான் காசு. மூத்திரம் என்று கேட்காது, கை விறைக்கிறது என்று சொல்லாது.

அதைப் பொருத்த வந்த இளைஞன் இரண்டு கிழமை என் பக்கத்திலேயே நின்றான். "ஏன் இந்த இடத்தில் கத்தியைச் சாய்க்கிறாய்?" என்று கேட்பான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை, கை போகிறது, அவ்வளவுதான். கடைசியில் கையுறையைக் கழற்றச் சொல்லி, அவன் விரலைப் பிடித்து முள்ளின் நுனியில் வைத்து, அது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று காட்டினேன். மறுநாள் உளுந்து வடையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். நல்ல பையன், எங்கள் பெரியவன் வயதுதான் இருக்கும்.

இயந்திரத்துக்குப் பிடிபடாதது ஒன்று இருக்கிறது: புழு. சதைக்குள் சுருண்டு கிடக்கும், முள்ளைப் போல எக்ஸ்-ரேயில் விழாது. கீழிருந்து வெளிச்சம் அடிக்கிற கண்ணாடி மேசையில் துண்டை வைத்து, ஆள்தான் கண்ணால் பார்த்து எடுக்க வேண்டும். முள்ளை அது எடுத்துக்கொண்டு புழுவை எங்களுக்கு விட்டிருக்கிறது. திரொம்சோவில் ஆராய்ச்சிக்காரர் பலவித ஒளியில் படம் எடுத்துப் புழுவையும் கணினிக்குப் பழக்குகிறார்கள். பழக்கட்டும்.

அந்த மேசை வெளிச்சத்தில் குனிந்து நிற்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் குசினிதான் ஞாபகம் வரும். மண்ணெண்ணெய் கிடைக்காத காலம், ஜாம்போத்தல் விளக்கு. உங்கள் மூத்தவளை மடியில் வைத்துக்கொண்டு அம்மா ஒட்டி மீனை விளக்குக்குக் கிட்டப் பிடித்து உதிர்ப்பார். முள் இல்லை என்று தெரிந்த பிறகும் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் மூன்று தரம் தேய்த்துப் பார்ப்பார். மேலே பொம்மர் விமானச் சத்தம் கேட்டாலும் அந்த மூன்றாம் தேய்ப்பு முடியாமல் எழும்ப மாட்டார். நானும் அப்படித்தான் தேய்ப்பேன். மேற்பார்வைக்காரி முதல் வருடம் என்னை மெதுவானவள் என்று ஏசினாள். பிறகு என் பெட்டியை மட்டும் திறந்து பார்க்காமல் அனுப்பினாள். இதை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. இருட்டுக் காலத்தில் இப்படித்தான், கண் சும்மா கலங்கும். டொக்டர் விற்றமின் டி தந்திருக்கிறார்.

நீங்கள் கேட்டதற்கு: எனக்கு வேலை இருக்கிறது. இப்போது கொஞ்சம் ஓய்வு தந்திருக்கிறார்கள். மீன் வரத்து இல்லாதபோது வீட்டில் இருக்கச் சொல்வது இங்கே வழக்கம், உங்களுக்குத் தெரிந்ததுதானே. அரசாங்கம் ஒரு பங்கு சம்பளம் தரும். மீனும் உண்மையாகவே குறைந்துவிட்டது. நோர்வேயும் ரஷ்யாவும் சேர்ந்து வருடா வருடம் இந்தக் கடலில் எவ்வளவு கொட் மீன் பிடிக்கலாம் என்று தீர்மானிக்கும். 2021 இல் 8 இலட்சத்து 85 ஆயிரம் தொன். போன வருடம் 3 இலட்சத்து 40 ஆயிரம். இந்த வருடம் 2 இலட்சத்து 85 ஆயிரம்தான். மீன் வரத்தொடங்கியதும் கூப்பிடுவார்கள். மேசையில் நின்ற பதினாலு பேரில் இம்முறை ஐந்து பேர் போதும் என்று ஒரு கதை அடிபடுகிறது, ஆனால் நான் பழைய ஆள். நீங்கள் யோசிக்க வேண்டாம்.

மகள் ஒஸ்லோவுக்கு வரச் சொல்கிறாள். வயோதிபர் இல்லங்களில் ஆள் தேவையாம், கிழவர்களைக் குளிப்பாட்ட இன்னும் இயந்திரம் வரவில்லையாம். அதற்கு மொழிப் பரீட்சை எழுத வேண்டும். காதை மூடிக்கொண்டு முப்பது வருடம் மீனோடு நின்றவளுக்கு என்ன மொழி வரும்? அங்கே வீட்டு விலையும் வேறு. இவருடைய முதுகுக்கு அந்த மாடிப்படிகள் சரிவராது. பார்ப்போம்.

இனிச் சின்னவன் விசயம். அந்தக் கணினிப் படிப்புக்கு 6 இலட்சம் ரூபாய் கேட்கிறான். "செயற்கை நுண்ணறிவு வந்தால் இந்தப் படிப்புக்கு வேலை இருக்குமா, சித்தியிடம் கேளுங்கள்" என்று கடிதத்திலேயே எழுதியிருக்கிறது. அந்தக் கடிதத்தையே அதனிடம் எழுதக் கொடுத்தவனுக்குச் சித்தியின் பதில் எதற்கு? எனக்குத் தெரிந்தது ஒரு மீன் தொழிற்சாலை. அங்கே மேசைக்காரரை வீட்டுக்கு அனுப்புகிறார்கள், குளிரறையைத் திருத்துகிறவனையும் இயந்திரத்தைத் திருத்துகிறவனையும் இரவு இரண்டு மணிக்கும் கூப்பிடுகிறார்கள். பனிப் புயலில் மலைப்பாதை பூட்டியிருந்தால் பனி தள்ளும் வண்டிக்குப் பின்னால் வரிசையில் ஊர்ந்தாவது வந்து சேருகிறான். சின்னவனுக்குக் கை வேலை வரும், அத்தானின் படகு இயந்திரத்தைப் பதின்மூன்று வயதிலேயே பிரித்துப் பூட்டினவன். குளிரூட்டித் திருத்தும் படிப்பு யாழ்ப்பாணத்தில் எங்கே இருக்கிறது என்று முதலில் விசாரிக்கச் சொல்லுங்கள். கோபப்படுவான், படட்டும். பணம் தரமாட்டேன் என்று சொல்லவில்லை. சித்திரைக்குப் பிறகு பார்க்கிறேன். மதில் கட்டும் காசும் அப்படித்தான். மேசனிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள், இப்போதைக்குக் கிடுகு வேலியே இருக்கட்டும்.

அம்மாவின் திவசத்துக்கு வழக்கமான தொகையை மகள் மூலம் அனுப்பியிருக்கிறேன். அதில் குறை வைக்க வேண்டாம், ஐயருக்குக் கொடுப்பதைக் கொடுங்கள். ஒட்டி மீன் அம்மாவுக்கு விருப்பம் என்று படைக்க முடியாதுதான். மரக்கறிதான் என்றாலும் வாழைக்காயைத் தடிப்பாகச் சீவிப் பொரியுங்கள், அப்படித்தான் சாப்பிடுவார்.

இன்னொன்று. கிணற்றடிக் காணியில் என் பங்கு நாலு பரப்பு உங்கள் பிள்ளைகளுக்கு என்று நான் சொன்ன சொல் சொல்தான். ஆனால் சும்மா ஒரு விபரத்துக்கு, அந்தப் பக்கம் ஒரு பரப்பு இப்போது என்ன விலை போகிறது என்று கேட்டு எழுதுங்கள். கிணற்றடி மாமியின் மருமகன் அண்மையில் விற்றதாகக் கேள்வி, அவரிடம் கேட்டால் சரியான விலை சொல்வார். நமக்காகக் கையெழுத்துப் போடும் அற்றோர்ணித் தத்துவம் இன்னும் கனடா அண்ணாவின் பெயரில்தானே இருக்கிறது? அண்ணாவுக்கு நான் கேட்டதாகத் தெரிய வேண்டாம். அத்தானுக்கும்தான். இந்தப் பக்கத்தை மட்டும் கிழித்து வைத்துவிட்டு மற்றதை வாசித்துக் காட்டுங்கள்.

பதிலை நீங்களே எழுதுங்கள். எழுத்துப்பிழை இருந்தாலும் பரவாயில்லை.

அன்புத் தங்கை

பி.கு: மாசியில் ஒஸ்லோப் பக்கத்து ஆள் ஒருவர் ஊரிலிருந்து திரும்புகிறார். மிளகாய்த்தூள் இரண்டு கிலோ, ஒடியல் மா ஒரு கிலோ, புழுக்கொடியல் கொஞ்சம் கொடுத்துவிடுங்கள். மிளகாய்த்தூளை இரண்டு பையில் கட்டி வாயை மெழுகுதிரியால் ஒட்டவும். போன முறை பை வெடித்து அந்த மனிதரின் கோட்டு முழுவதும் கொட்டி, இன்றைக்கும் என்னைக் கண்டால் தும்முகிறார்.