முரளிக்கு, அந்த 1978 பரோலோ பற்றி

அன்புள்ள முரளி,

அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் மனசு லேசானது. இங்கே டூரினில் எல்லோரும் நலம். மகள் படிப்புக்காக போலோன்யா போய்விட்டாள், வீட்டில் பேச்சுச் சத்தமே குறைந்துவிட்டது.

சரி, ஏலத்துக்கு வரும் அந்த 1978 பரோலோவை, அந்த இத்தாலியச் சிவப்பு ஒயினை, வாங்கலாமா என்று நீ கேட்டதற்கு வருகிறேன். வாங்காதே. பரோலோவுக்கு 1978 அருமையான வருஷம், அதில் சந்தேகமே இல்லை, ஆனால் இத்தனை வருஷம் அந்த பாட்டில் யார் வீட்டில், எந்தச் சூட்டில் கிடந்தது என்று விற்பவர் ஒரு வரிகூடச் சொல்லவில்லையே. நீ அனுப்பிய படத்தில் ஒயின் மட்டம் கார்க்கிலிருந்து நன்றாகவே இறங்கியிருக்கிறது. அவ்வளவு இடத்திலும் இப்போது காற்றுதான் இருக்கிறது. போலி பயமும் உண்டு. 2008இல் நியூயார்க் ஏலம் ஒன்றில் பிரான்சின் பொன்சோ குடும்பம் செய்த குளோ சாந்தெனி ஒயின் என்று 1945இலிருந்து தொடங்கும் பாட்டில்களை வைத்தார்கள். அந்தக் குடும்பம் அந்த ஒயினைச் செய்ய ஆரம்பித்ததே 1980களில்தான். அந்தக் குடும்பத்து லோரான் பொன்சோ நேரிலேயே போய் விற்பனையை நிறுத்தினார். அந்தப் போலிகளை ஏலத்துக்குக் கொடுத்த ரூடி குர்னியவானுக்கு 2014இல் 10 வருஷச் சிறை.

அந்தப் பணத்துக்கு இளம் பரோலோ வாங்கு. வகைக்கு ஒன்று என்று வேண்டாம், ஒரே ஒயினில் ஒரு பெட்டி. உன் புது வீட்டில் நிலவறை இருக்கிறது என்று எழுதியிருந்தாயே, எடின்பரோ குளிரில் அதைவிட நல்ல இடம் எது? 12, 13 டிகிரியில், வெளிச்சம் படாமல், கார்க் காய்ந்துபோகாதபடி படுக்கவைத்துவிடு, இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒன்று திற. ஒரே ஒயின் மாறிக்கொண்டே போவதைக் கூடவே இருந்து பார்ப்பதில்தான் இந்தச் சேகரிப்பின் முழு ருசியும் இருக்கிறது என்பது என் தீர்மானமான எண்ணம்.

பரோலோ செய்யும் நெபியோலோ திராட்சைக்கு நிறம் குறைவு, துவர்ப்பும் புளிப்பும் ரொம்ப அதிகம். இளசாக இருக்கும்போது நாவல் பழம் தின்றதுபோல நாக்கை இழுக்கும். வருஷங்கள் போகப்போக, துவர்ப்பைத் தரும் டானின் ஒன்றோடொன்றும் நிறமிகளோடும் சேர்ந்து பெரிதாகி, கொஞ்சம் வண்டலாக அடியில் இறங்கிவிடும், துவர்ப்பு தணியும், சிவப்பு செங்கல் நிறத்துக்குப் போகும். பழ வாசனை பின்னால் போய், தாரும் காய்ந்த ரோஜாவும் முன்னால் வரும் (தார் என்றதும் முகம் சுளிக்காதே, ஒருமுறை முகர்ந்து பார்). புளிப்பு மட்டும் கடைசிவரை நிற்கும், ஒயினைத் தாங்குவதே அதுதான்.

பரோலோ செய்யும் ஊர்களில் எந்த ஊர் ஒயின் என்றால், நீண்ட நாள் வைக்க செர்ரலுங்கா தால்பா. லா மோர்ரா ஊர் ஒயின் சீக்கிரம் இளகிவிடும், முதலில் குடிக்க அதில் கொஞ்சம் வைத்துக்கொள். வருஷம் 2010 அல்லது 2016. செய்யும் முறையில் ஒரு காலத்தில் பெரிய சண்டையே நடந்தது: எலியோ அல்தாரே என்ற பரோலோ தயாரிப்பாளர் 1983இல் அப்பாவின் பழைய பெரிய பீப்பாய்களை ரம்பத்தால் அறுத்துத் தள்ளிவிட்டு, பாரிக் எனும் சின்ன பிரெஞ்சு ஓக் பீப்பாய்களுக்குப் போனார், அப்பா அவருக்குச் சொத்தே இல்லை என்றுவிட்டார். எதிர்ப்பக்கம் இன்னொரு தயாரிப்பாளர் பார்த்தோலோ மாஸ்கரெல்லோ, ‘பாரிக் வேண்டாம், பெர்லுஸ்கோனி வேண்டாம்’ என்று இத்தாலிய அரசியல்வாதியையும் சேர்த்து லேபிளிலேயே எழுதியவர். இப்போது அந்த இடைவெளி நிறையக் குறைந்துவிட்டது. என் மனசு பெரிய பீப்பாய்ப் பக்கம்தான், அதில் ஓக்கின் வாசனை ஒயினை மூடுவதில்லை.

அப்புறம், முதிர்ந்த பாட்டிலைத் திறப்பதற்கு முந்தின நாளே நிமிர்த்தி வைத்துவிடு, வண்டல் அடியில் தங்கட்டும். மெதுவாக ஊற்று, கலங்கல் வந்ததும் நிறுத்து. ரொம்பப் பழையதென்றால் மணிக்கணக்கில் காற்றாட விடாதே, வாசனை போய்விடும்.

அக்டோபரில் லீவு கிடைக்குமா என்று பார். பக்கத்து ஆல்பா ஊரில் அப்போது வெள்ளை டிரஃபிள் (மண்ணுக்கடியில் விளையும் வாசனைக் காளான்) சந்தையும் நடக்கும். செர்ரலுங்காவில் வாசலிலேயே விற்கும் சின்னக் குடும்பங்கள் இருக்கின்றன, உன் பெட்டியை அங்கேயே சேர்ந்து தேர்ந்தெடுக்கலாம். டிக்கெட் போடுவதற்கு முன் தேதியை எழுது, நானும் லீவு சொல்ல வேண்டும்.

அன்புடன்,
சேகர்